குளுவாங்கில் நான் கேட்ட ஆங்கிலம்

ஜொகூர் பாரு சோதனைச் சாவடியைத் தாண்டி வெளியே வந்ததும் மோகன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “அக்கா, சாப் போட்டுட்டாங்களா?”

மோகன் என் தங்கை செல்வியின் கணவர். காஹாங் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது இருவரும் சிம்பாங் ரெங்கத்தில் குடியிருக்கிறார்கள். நான் தேவகோட்டைக்காரி. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியே தலை நரைத்துவிட்டது. எனக்குத் தெரிந்த ‘சாப்’ வெங்காயம் நறுக்குவது, விறகு வெட்டுவது. நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “எதை?” என்றேன்.

“பாஸ்போர்ட்லதான் லா!” என்று அவர் வலது முஷ்டியால் இடது உள்ளங்கையில் ஒரு குத்துக் குத்திக் காட்டினார். முத்திரை! இங்கே ரப்பர் ஸ்டாம்புக்குப் பெயர் சாப். ஆகவே என் பாஸ்போர்ட்டில் சிங்கப்பூர் சாப் ஒன்று, மலேசியச் சாப் ஒன்று.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கடையில் நுழைந்தோம். மோகன் சட்டைப்பையிலிருந்து டிஷ்யூ பாக்கெட் ஒன்றை எடுத்துக் காலி மேசை மேல் வைத்துவிட்டு, நிம்மதியாகக் கை கழுவப் போனார். அந்த மேசைப் பக்கம் வேறு யாரும் வரவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்த பழக்கமாம். அப்படி இடம் பிடிப்பதற்குப் பெயர் சோப். அதுவும் அந்தச் சாப்பிலிருந்து வந்ததுதான் என்றார். பிறகு எனக்கென்று ஒரு தட்டு வந்தது. பொரித்த கோழித் துண்டின் மேல் பழுப்பாகக் குழம்பு, பக்கத்தில் பச்சைப் பட்டாணி.

“என்ன மோகன் இது?”

“சிக்கன் சாப்.”

நாட்டுக்குள் வந்து அரைநாள்கூட ஆகவில்லை. ஒரே சொல்லை மூன்று விதமாகப் பார்த்துவிட்டேன். மூன்றாவது ருசியாகவும் இருந்தது.

காரில் போகும்போது அவருக்கு ஒரு போன் வந்தது. “இல்ல பாஸ், நாளைக்கு டெலிவரி முடியாது. வியாழக்கிழம கண்டிப்பா டெலிவரி” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்விக்கு டாக்டர் தேதி குறித்துவிட்டாரா? எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? பதறிக் கேட்டதும் மோகன் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் லாரி ஓட்டுகிறவர் என்பதையே மறந்துவிட்டேன். மூவாரில் செய்யும் மேசை நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போய்க் கடைகளில் இறக்குவதுதான் அவர் வேலை. வியாழக்கிழமை பிறக்கப் போவது ஒரு சோபா செட்.

நானும் சிரித்துவைத்தேன். இந்தப் பயணமே அந்த இன்னொரு டெலிவரிக்காகத்தான். செல்விக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, நாற்பதை நெருங்கும்போது வயிற்றில் தங்கியிருக்கும் குழந்தை. இதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போனது. இரண்டு முறையும் நான் ஊரில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா இல்லை. இந்த முறை விடுமுறையும் சேர்ந்து வந்தது. கிளம்பிவிட்டேன்.

வீட்டு வாசலில் செல்வி இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அக்கா, என்னக்கா இப்படி இளைச்சுப் போயிட்ட?” என்றாள். என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லிப் பல வருடம் ஆகிறது. அவள் முகம் வட்டமாகி, கண்ணுக்கடியில் கருத்திருந்தது. கட்டிப்பிடிக்கப் போனால் நடுவில் வயிறு வந்து தடுத்தது. இருவரும் பக்கவாட்டில் கட்டிக்கொண்டோம்.

மறுநாள் குளுவாங்கில் ஆஸ்பத்திரிப் பரிசோதனை. வழி நெடுக எண்ணெய்ப்பனை. எங்கள் பக்கம் பனைமரம் வானத்தைப் பார்த்துத் தனியாக நிற்கும். இங்கே அது குட்டையாக, தலை விரித்து, வரிசை தப்பாமல், முடிவே இல்லாமல் நிற்கிறது. எப்போது கண்ணைத் திறந்தாலும் முன்னால் பார்த்த மரமே ஓடி வந்து மறுபடி நிற்பது போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸை எல்லோரும் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடுகிறார்கள். சீன, மலாய், தமிழ் நர்ஸ் எல்லோரும் மிஸ்ஸிதான். டாக்டர் அஸ்மா என்ற மலாய்ப் பெண், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், பூப்போட்ட முக்காடு அணிந்திருந்தார். செல்வியின் வயிற்றில் இரண்டு கையையும் வைத்து, கண்ணை மூடி, எதையோ கேட்பது போல நின்றார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குக் கேட்ட ஒரே சொல் ‘லை’. லை சரியில்லை என்கிறார்.

செல்வி என்னைப் பார்த்தாள். இத்தனை வருட ஆங்கில ஆசிரியை பக்கத்தில் இருக்கும்போது அவள் வேறு யாரைப் பார்ப்பாள்? நான் மென்று விழுங்கி, “ஏதோ பொய் சொல்லியிருக்கோம்ங்கிறாங்கடி” என்றேன்.

“நான் என்னக்கா பொய் சொன்னேன்? மாத்திரை எல்லாம் ஒழுங்காத்தானே போடுறேன்!” அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் எங்கள் முகம் புரிந்திருக்க வேண்டும். தன் முழங்கையை மடக்கித் தன் வயிற்றின் குறுக்கே, தொட்டில் போல, படுக்கை வசமாக வைத்துக் காட்டினார். குழந்தை குறுக்கே படுத்திருக்கிறது. தலை இடப்பக்கம், கால் வலப்பக்கம். குழந்தை படுத்திருக்கும் வாகுக்குத்தான் ‘லை’ என்று பெயர்.

லை என்றால் படுத்தல் என்று எனக்குத் தெரியாதா? அதன் இறந்த காலத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்று கரும்பலகை நிறைய எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த அறையில், அந்த வெள்ளைக் கோட்டுக்கு முன்னால், பொய்தான் முந்திக்கொண்டு வந்தது. பயப்படுகிறவளுக்குச் சொல்லின் மோசமான அர்த்தம்தான் முதலில் கேட்கும் போலிருக்கிறது.

“வெர்ஷன் செய்து பார்க்கலாமா?” என்றார் டாக்டர். வெர்ஷன் என்றால் எனக்கு ஒரு கதையின் இன்னொரு வடிவம், கைபேசிக்கு வரும் புதிய பதிப்பு. இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. அவரே விளக்கினார். வெளியிலிருந்து கையாலேயே குழந்தையைத் திருப்பப் போகிறார். முடியாவிட்டால் அறுவை. எதற்கும் தியேட்டரைத் தயாராக வைத்திருப்பார்கள்.

அன்று மதியம் நான் பார்த்ததை எத்தனை முறை எழுதினாலும் சரியாக வராது. வயிற்றைத் தளர்த்த ஒரு ஊசி போட்டார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு ஒரு கருவியிலிருந்து குதிரை ஓடுவது போலக் கேட்டுக்கொண்டிருந்தது. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஒரு கையைக் குழந்தையின் தலைப் பக்கமும், மறுகையை அதன் இடுப்புப் பக்கமும் வைத்தார். அவசரமே இல்லை. மாவு பிசைவதற்கும் வீணை வாசிப்பதற்கும் நடுவில் ஏதோ ஒரு வேலை அது. தள்ளுவார், நிறுத்துவார், குதிரை ஓடுகிறதா என்று கேட்பார், மறுபடி தள்ளுவார். இடையில் வயிற்றைப் பார்த்து மெல்ல ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற மிஸ்ஸி சிரித்தபடி எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: “‘திரும்பு கண்ணே, திரும்பு’ என்கிறார் டாக்டர்.”

அது திரும்பியது. என் கண் முன்னாலேயே அந்த வயிற்றின் வடிவம் மாறியது. போர்வைக்குள் படுத்திருக்கும் பிள்ளை தூக்கத்தில் புரள்வது போல ஒரு மேடு எழுந்து, நகர்ந்து, அமுங்கியது. அகலமாக இருந்த வயிறு நெடுக்காக ஆனது. செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். வலியா என்று கேட்டதற்கு, “இல்லக்கா, அது என்னமோ என்னைக் கேட்டுக்கிட்டு நகர்ந்த மாதிரி இருந்துச்சு” என்றாள்.

வெர்ஷன் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கே திருப்புதல் என்றுதான் அர்த்தம் என்று எங்கோ படித்திருக்கிறேன். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குத் திருப்புவதால்தான் மொழிபெயர்ப்பும் வெர்ஷன். படித்தது படித்ததாகவே கிடந்தது. அன்று அந்தச் சொல் ஒரு பெண்ணின் இரண்டு கைகளாக என் முன்னால் நின்றது.

கிளம்பும் முன் டாக்டர், வெளியே காத்திருந்த மோகனையும் கூப்பிட்டு, எங்களை உட்கார வைத்துச் சொன்னார். தலை கீழே வந்துவிட்டது, ஆனால் இன்னும் எங்கேஜ் ஆகவில்லை. மோகன் தன் போனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார். “போன் எங்கேஜ் ஆவும், எனக்குத் தெரியும். தலையுமா?” என்று என்னிடம் கிசுகிசுத்தார். நானும் கல்யாண நிச்சயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்புக்குள் இறங்கிப் பொருந்திக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். பொருந்தாத வரை அது மறுபடி புரளலாம். திடீரென்று பனிக்குடம் உடைந்தால் தொப்புள்கொடி முந்திக்கொண்டு வந்துவிடலாம். அப்படி உடைந்தால் நடக்கவே கூடாது, படுத்தபடியே உடனே வர வேண்டும் என்றார். தமிழ் தெரியாதவர், அந்த ‘உடனே’வை மட்டும் தமிழ் உட்பட மூன்று மொழியிலும் சொன்னார்.

அடுத்த நாள் வீட்டில் ஓய்வு. பக்கத்து வீட்டுப் பார்வதி காலையில் வந்து எட்டிப் பார்த்தார். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, இந்த வாரம் இரவு முறை. அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தும் முகத்தில் களைப்பே இல்லை. “டீச்சர், நான் மார்க்கெட் போறேன். ஃபாலோ பண்றீங்களா?” என்றார். எதற்குப் பின்தொடர வேண்டும் என்று புரியவில்லை. கையில் கூடையோடு அவருக்குப் பின்னால் நடக்கத் தயாராகச் செருப்பை மாட்டினேன். அவர் தன் பழைய காடியின் முன்கதவைத் திறந்து பிடித்தார். காடி என்றால் கார். ஃபாலோ என்றால் பின்னால் வருவதில்லை, கூட வருவது. “எங்க ஊர்ல யாரும் யாருக்கும் பின்னால போறதில்ல லா, எல்லாம் ஒண்ணாத்தான்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சந்தைக்குப் பக்கத்தில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நம் பரோட்டாவின் தம்பி, கொஞ்சம் மெலிந்தவன். பருப்புக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தால் காணாமல் போய்விடுகிறான். சுவரில் இருந்த பட்டியலில் வரிக்கு வரி ‘ஏர்’ என்று எழுதியிருந்தது. காற்றையும் கோப்பையில் ஊற்றி விற்கிறார்களே என்று வியந்தேன். அது ஆங்கிலமே இல்லை, மலாய். ‘ஆயர்’ என்று வாசிக்க வேண்டும். தண்ணீர்! என் கண்ணுக்கு இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால் இங்கிலீஷாக மட்டும்தான் வாசிக்கத் தெரிகிறது.

வியாழக்கிழமை விடிந்ததும் மோகன் லாரியை எடுத்துக்கொண்டு மூவாருக்குப் போனார். அங்கே சோபாவை ஏற்றிக்கொண்டு வடக்கே சிரம்பானில் இறக்க வேண்டும். போகும்போது செல்வியிடம், “வரும்போது ஒத்தாக் ஒத்தாக் தாப்பாவ் பண்ணிட்டு வர்றேன்” என்றார். ஒத்தாக் ஒத்தாக் இலையில் சுட்ட மீன் விழுது, மூவாரில் பேர்போனது. தாப்பாவ் என்றால் பார்சல். செல்வி சிரித்து அனுப்பினாள். அவர் தலை மறைந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விடிகாலையிலிருந்தே முதுகு வலிக்கிறதாம். “சொன்னா அவர் வேலைக்குப் போக மாட்டாரு” என்றாள்.

நான் வாய் திறந்து திட்டுவதற்குள் அவள் பாவாடை நனைந்துவிட்டது. தரையிலும் நீர்.

அவளை அப்படியே பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டு, “பார்வதி!” என்று ஊரே கேட்கக் கத்தினேன். வேலை முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்த பார்வதி தலை கலைந்து ஓடி வந்தார். ஆம்புலன்சுக்குப் போன் போட்டுப் பேசினார். “மெயின் ரோட்டுல பழ லாரி கவுந்து கெடக்காம். அவங்க வண்டியும் அதுல மாட்டும். டீச்சர், பிடிங்க, நாமளே போயிடலாம்” என்றார். பின் இருக்கையில் என் மடியில் தலை வைத்து, இடுப்புக்கடியில் இரண்டு தலையணையோடு செல்வி. என் ஒரு கை அவள் வயிற்றில். உள்ளே அது அசைகிறதா, புரள்கிறதா, எதுவும் தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் வாகனங்கள் வால் நீட்டி நின்றன. தூரத்தில் எண்ணெய்ப்பனைக் குலைகள் சாலை முழுக்கச் சிவப்பாகச் சிதறிக் கிடந்தன. பார்வதி யோசிக்கவே இல்லை. ஸ்டீயரிங்கை வளைத்து மரங்களுக்கு நடுவில் போகும் ஒரு தோட்டத்துச் செம்மண் பாதையில் இறங்கினார். “எங்கம்மா வேல செஞ்ச தோட்டம் இது. அந்தப் பக்கமா கம்பத்து ரோட்டுல ஏறிடலாம்” என்றார். கம்பம் என்றால் இங்கே கிராமம். ஒவ்வொரு குழிக்கும் செல்வி முனகினாள். நான் குழிக்குக் குழி சாமி கும்பிட்டேன்.

பாதி வழியில் எதிரே ஒரு டிராக்டர், பின்னால் மலை போலப் பழக்குலை. ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் சரிவு. இரண்டு வண்டிக்கு இடமே இல்லை. டிராக்டரில் இருந்தவர் கையை வீசி, “கோஸ்தான்! கோஸ்தான்!” என்று கத்தினார். பார்வதி கண்ணாடியை இறக்கி, அவரைவிடச் சத்தமாக மலாயில் கத்தினார். அந்த மனிதர் இறங்கி வந்து எங்கள் பின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். செல்வியின் முகத்தைப் பார்த்தார். ஓடிப்போய் ஏறி, அத்தனை பாரத்தோடு அந்த டிராக்டரை அவரே பின்னுக்கு எடுத்தார். பின்வண்டி ஓடைப் பக்கம் இழுக்கும், நிறுத்தி நேராக்குவார், மறுபடி எடுப்பார். பாதை பிரியும் இடம் வரை எங்களைப் பார்த்தபடியே பின்னால் போனார். நாங்கள் தாண்டும்போது தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

கோஸ்தான் என்றால் பின்னால் எடு. இங்கே மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். கப்பற்காரர்களின் ‘கோ அஸ்டர்ன்’ தேய்ந்து அப்படி ஆனது என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எந்தத் துறைமுகத்தில் எந்த மாலுமி முதலில் கத்தினானோ! அந்தச் சொல் கடலை விட்டுக் கரையேறி, இந்தப் பனங்காட்டுக்குள் வந்து, என் தங்கைக்கு வழி விட்டது.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் ஓடி வந்தது. வயதான சீன மிஸ்ஸி ஒருவர் செல்வியைப் பார்த்துக்கொண்டே எங்களிடம் கடகடவென்று கேட்டார். “லிக்கர்? வாட் டைம்? லிக்கர் கிளியர்?”

பார்வதிக்கு முகம் சிவந்துவிட்டது. “அலமாக்! மிஸ்ஸி, நான்தான் காடி ஓட்டிட்டு வந்தேன். ஒரு சொட்டு கூடத் தொட்டதில்ல, சாமி சத்தியமா! நைட் ஷிப்ட், அதான் கண்ணு செவந்திருக்கு!” தமிழில் தொடங்கியது எப்போது மலாய்க்கு மாறியது என்று அவருக்கே தெரியாது. மிஸ்ஸி ஒரு கணம் விழித்துவிட்டு, பார்வதியின் தோளைத் தட்டிச் சிரித்தார். குழந்தை மிதக்கும் நீருக்கும் அவர்கள் பாஷையில் லிக்கர் என்றுதான் பெயர். எந்த நேரம் குடம் உடைந்தது, நீர் தெளிவாக இருந்ததா என்று கேட்டிருக்கிறார். தெளிவாகத்தான் இருந்தது. கொடி வெளியே வரவில்லை. தலை இறங்கிவிட்டது. “எங்கேஜ்ட்” என்றார் மிஸ்ஸி, கட்டைவிரலை உயர்த்தி. இதைவிடச் சந்தோஷமான நிச்சயதார்த்தச் செய்தியை நான் கேட்டதில்லை.

மோகன் சிரம்பானில் இருந்தார். போனில் செய்தி சொன்னேன். வண்டியை எடுத்துவிட்டார் என்பது ஹார்ன் சத்தத்தில் தெரிந்தது. கணவர் வராததால் துணைக்கு என்னை உள்ளே விட்டார்கள். எங்கள் ஊரில் நான் பார்த்த பிரசவங்களில் எல்லாம் மூடிய கதவைத்தான் பார்த்திருக்கிறேன். உள்ளிருந்து சத்தம் வரும், பிறகு துணியில் சுற்றிய குழந்தை வரும். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது இதுதான் முதல் முறை. என் இரண்டு பிள்ளைகளைப் பெற்றபோதுகூட நான் மேலே பார்த்துக்கொண்டுதானே படுத்திருந்தேன்!

நேரம் எப்படிப் போனதென்று தெரியாது. செல்வி “அக்கா!” என்று கத்தினாள், அம்மாவைக் கூப்பிட்டாள், மோகனைத் திட்டினாள், பாதியில் அந்த டிராக்டர்காரருக்கு நன்றி சொன்னோமா என்று கேட்டாள். டாக்டர் அஸ்மா வந்தார். “க்ரௌனிங்” என்றார் மெல்ல. எனக்கு அர்த்தம் தேவைப்படவில்லை. ஈரமான கருமுடியோடு தலையுச்சி வட்டமாகத் தெரிந்தது. அம்மாவின் உடம்பே பிள்ளைக்குச் சூட்டும் மகுடம். சிம்மாசனமும் இல்லை, சேனையும் இல்லை. என் தங்கைதான் அங்கே ராஜ்யம்.

அடுத்த கணம் குழந்தை வெளியே வந்துவிட்டது. பெண். கழுத்தைச் சுற்றிக் கொடி. டாக்டர் விரலால் விடுவித்தார். ஆனால் சத்தம் இல்லை. நீலம் பாய்ந்து, கைகால் தொங்கி, நனைந்த துணி போல அவர் கையில் கிடந்தது.

“ஃபிளாட்” என்றார் மிஸ்ஸி. தாழ்ந்த குரலில் ஒரே ஒரு சொல்.

எனக்குத் தெரிந்த ஃபிளாட் அடுக்குமாடி வீடு. சமதரை. காற்றுப் போன டயர். அந்தச் சொல் கேட்டதும் அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். இன்னொரு டாக்டர் ஓடி வந்தார். குழந்தையைச் சூடான விளக்கின் கீழ் வைத்துத் துடைத்தார்கள், முதுகைத் தேய்த்தார்கள், மூக்கின் மேல் ஒரு சின்ன முகமூடியை வைத்து ஊதினார்கள். “அக்கா, ஏன் அழல? அக்கா, ஏன் அழல?” என்று செல்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவள் கண்ணை மறைத்தபடி குனிந்துகொண்டேன். பொய்யாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்த வருடங்களில் தேவகோட்டையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு ராத்திரிகளும் என் முதுகில் ஏறி உட்கார்ந்தன.

முதலில் ஒரு தும்மல். பிறகு கதவு கிறீச்சிடுவது போல ஒரு சத்தம். பிறகு கோபம், அப்பட்டமான கோபம். அந்த அறையின் சுவரெல்லாம் அதிர அவள் கத்தினாள்.

“பிங்க் நவ்” என்றார் ஓடி வந்த டாக்டர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

பிங்க். ரோஜா நிறம். நான் அதைக் கடையில் துணி வாங்கும்போது சொல்லியிருக்கிறேன். உயிரோடு இருக்கிறாள் என்பதை ஒரு நிறத்தின் பெயரால் சொல்ல முடியும் என்று நினைத்ததில்லை. செல்வி அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் சொன்னேன். இரண்டு பேரும் பைத்தியம் போலப் பிங்க் பிங்க் என்று சொல்லி அழுதோம்.

மோகன் வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கையில் பார்சல் இல்லை. வாசலிலேயே மிஸ்ஸி அவரைப் பிடித்து, “மதர் ஃபைன், பேபி ஃபைன்” என்றார்.

“எனக்கும்தான் ஃபைன், மிஸ்ஸி” என்றார் மோகன் மூச்சு வாங்க. “வர்ற வழியில போலீஸ்காரர் போட்டாரு. வேகமா வந்துட்டேன்னு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து, சுவரில் தலையை வைத்துக் குழந்தை போல அழுதார். பார்வதி ஓடிப்போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நடைவழியில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரக் குடும்பம் ஒன்று தங்களிடம் இருந்த பேரீச்சம்பழத்தை எங்களுக்குப் பங்கு வைத்தது. யாரும் யாரிடமும் எதுவும் விளக்கவில்லை.

மாலை வெயில் சாய்ந்தபோது எங்களை வார்டுக்குள் விட்டார்கள். செல்வி தலையணையில் சாய்ந்திருந்தாள். குழந்தை அவள் மார்பின் மேல், ஒரு வெள்ளைத் துணிக்குள். குறுகிய வழியில் வந்ததால் தலை கொஞ்சம் கூம்பியிருந்தது. மோகன் தன் சுட்டுவிரலை நீட்டினார். சோபா தூக்கிக் காய்த்த விரல், அந்தக் கன்னத்துக்கு முன்னால் ஒரு கட்டை போலிருந்தது. பயந்து பயந்து ஓரமாகத் தொட்டார்.

குழந்தை சட்டென்று அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி வாயைத் திறந்தது.

“ஐயோ, கடிக்குது!” என்று கையை இழுத்துக்கொண்டார்.

அந்தச் சீன மிஸ்ஸி சிரித்தார். “ஷீ இஸ் ரூட்டிங்” என்றார்.

ரூட் என்றால் வேர். அது பெயர்ச்சொல் மட்டுமே என்றுதான் நான் வைத்திருந்தேன். நான் மிஸ்ஸியிடம் அர்த்தம் கேட்கவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் இன்னும் திறக்கவில்லை. வாய் மட்டும் இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, துணியில் முட்டியது, செல்வியின் தோளில் முட்டியது, எங்கோ ஈரம் இருக்கிறது என்று அதற்கு யாரோ சொல்லி அனுப்பியது போல விடாமல் தேடியது. செல்வி அவளை ஒரு விரற்கடை மேலே தூக்கிச் சேர்த்தாள்.

கண்டுகொண்டாள். மூடியிருந்த சின்னக் கை மெல்ல விரிந்து, தாயின் மேல் பரவிப் பிடித்துக்கொண்டது.